ஜன்னலைத் தாண்டிய கையுறை

எனக்கு ஆறின டீதான் பிடிக்கும், அதனால் நீங்கள் வேறு டீ சொல்ல வேண்டாம். ஸ்டோரில் உட்கார்ந்து பழகியவனுக்குச் சூடாக எதுவும் கிடைத்ததில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் யாராவது வந்து ஜன்னலைத் தட்டுவார்கள்.

மின்சாரக் கம்பெனியில் பாதுகாப்புச் சாமான்கள் முழுக்க என் பொறுப்பு. ஹெல்மெட், பெல்ட், பூட்ஸ், முகத்துக்கு மாட்டும் மறைப்பு, ரப்பர் கையுறை. கம்பத்தில் ஏறுகிற எவனும் என் ஜன்னலுக்கு வந்து வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சின்ன ஜன்னல் அது. ஒரு தலையும் ஒரு கையும் உள்ளே வரலாம், மிச்சம் வெளியே நிற்க வேண்டும். எனக்கே ‘ஜன்னல்’ என்றுதான் பேர். முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. சிலருக்கு ஆயுசு பூராவும் உழைத்தாலும் ஒரு பட்டப்பெயர் தேறாது.

நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக் கடை. எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டு சுற்றுப் பேச்சு நடந்துதான் தட்டு விழும். அந்தப் பழக்கத்தை ஸ்டோருக்கும் கொண்டுவந்தேன். கையுறை கேட்டு வந்தவனுக்கு உடனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். பழசைக் காட்டு என்பேன். இது இன்னும் ஓடுமே என்பேன். ஓடாது என்பான். எங்கே போட்டாய், எப்படி மடித்தாய், வெயிலில் காயவிட்டாயா என்று விசாரிப்பேன். அவன் கெஞ்சி, முணுமுணுத்து, கடைசியில் சிரித்துவிடுவான். அப்போதுதான் புதுசு வெளியே வரும். சும்மா கிடைத்த கையுறையை வண்டி துடைக்க வைத்துக்கொள்வார்கள். வாதாடி வாங்கிய கையுறையைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள். இது நான் கண்ணால் கண்டது.

பேரத்துக்குச் சரக்கைக் காட்ட வேண்டும் இல்லையா. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு விபத்துச் சாமான்களை அடுக்கிவைத்திருந்தேன். சுவிட்சுப் பெட்டி வெடித்தபோது முன்னால் நின்றவனுடைய முகமறைப்பு ஒன்று. உருகி மடங்கியதில் அவன் புருவம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு பூட்ஸ், கட்டைவிரல் இருந்த இடத்தில் கரண்ட் வெளியேறிய துளையோடு. உள்ளே கருகி ஒட்டியிருப்பது ரப்பர் இல்லை என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிதானமாக விளக்குவேன். சிலர் வெளியே ஓடி வாந்தி எடுத்திருக்கிறார்கள். அப்படி வாந்தி எடுத்தவன் எவனும் அப்புறம் பெல்ட்டை மறந்ததில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கரண்ட் கண்டுபிடித்துவிடும். அதற்கு ஒரு சோதனை உண்டு. கையுறையின் வாயை இறுக்கிப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே போனால் உள்ளே காற்று அடைபட்டு விரல் ஐந்தும் விறைத்து நிற்கும். அதைக் கன்னத்தருகே பிடித்தால், எங்கேயாவது காற்று கசிகிறதென்றால் கன்னத்து முடிக்குத் தெரியும். அப்பா குடத்தை விரல் முட்டியால் தட்டிக் கீறல் இருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டுத்தான் விற்பார். எனக்குக் கன்னம்.

போட்டுக்கொள்கிறவன்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறை கம்பத்தில் ஏறும் முன்பும். அதுதான் விதி. எங்கள் ஆட்கள் செய்ய மாட்டார்கள். நான் புதுசைச் சோதித்துத்தான் கொடுப்பேன். பழசையும் அவர்கள் அவ்வப்போது கொண்டுவந்து நீட்டி என் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு போவார்கள். ஜன்னல் பார்த்துவிட்டார் என்றால் போதும், அதற்கு மேல் கேள்வி கிடையாது. நீங்களே பாருங்கப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனக்காக இன்னொருவர் பார்த்துவிட்டார் என்ற நிம்மதியோடு ஒருவன் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்ப்பது ஒரு சுகம், ஐயா. உங்களுக்கும் உங்கள் வேலையில் அது தெரிந்திருக்கும்.

பிறகுதான் மேடம் வந்தார். பாதுகாப்பு அதிகாரி. படித்தவர், நல்லவர், ஜன்னலுக்கு வெளியே நின்ற வரிசையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது. எல்லோரையும் கூட்டிவைத்து, ஒவ்வொரு வண்டியிலும் ஓர் அலமாரி வைக்கலாம், சீல் பிரிக்காத கையுறைகளை அதில் போட்டுவைக்கலாம், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றும் கேட்டார்.

எழுந்து பேசியது என் தங்கை வீட்டுக்காரர். லைன்மேன்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. ஆள் ஓங்கி வளர்ந்தவர், கை இரண்டும் முறம் போல இருக்கும். ‘ஒட்டகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மாப்பிள்ளை என்பேன், அவர் மச்சான் என்பார். நல்ல மனிதர்தான். என் தங்கை ஒரு குறை சொல்லும்படி நடந்துகொண்டதில்லை.

“மேடம், எங்க மச்சான்கிட்ட ஒரு ஜோடி கிளவுஸ் கேட்டா பொண்ணு கேட்டு வந்த மாதிரி விசாரிப்பாரு. சொல்லப்போனா, தங்கச்சியைக்கூட எனக்கு இவ்வளவு யோசிக்காமத்தான் குடுத்தாரு.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நகைச்சுவை நன்றாக இருந்தால் சிரித்துவிட வேண்டும், கடைவீதியில் அது மரியாதை. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. அவருடைய கோஷ்டியில் ஒருவன் என்னிடம் வாதாடத் தெம்பில்லாமல் கிழிந்த கையுறையோடு ஏறி, இரண்டு விரலைக் கரிக்கட்டையாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னார். அந்த விரல்களை டாக்டர் எடுத்துவிட்டார் என்றும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் நான் கொடுத்திருப்பேன். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அலமாரி முடிவாயிற்று. தச்சர் வந்து ஜன்னலுக்கு அளவெடுத்தார், பலகை வைத்து அடைக்க. பழைய மீட்டர்களைக் கொட்டிவைக்கிற கொட்டகையில் எனக்கு ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள். அங்கே எலியும் நானும்தான். எலியோடு என்ன பேரம் பேசுவது?

ஜன்னல் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நீங்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். நீங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் அலமாரி மாப்பிள்ளையின் வண்டிக்கு. அதை நிரப்பும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். நான் நிரப்பினேன். சும்மா கிடைக்கிற சரக்கை எவனும் சோதிக்க மாட்டான் என்பதை மேடத்துக்கு எப்படியாவது புரியவைக்க வேண்டும். வாயால் சொன்னால் பொறாமை என்பார். கண்ணால் பார்த்தால் நம்புவார். அதனால் ஒரே ஒரு பாக்கெட்டைப் பிரித்து, பெல்ட் தைக்கிற ஊசியால் குத்தினேன். மறுபடி ஒட்டிவிட்டேன். மெழுகுவர்த்திச் சுடரில் பிளாஸ்டிக் கவர் ஒட்டுவது கடைப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே வரும், கம்பெனி ஒட்டியதைவிட நேர்த்தியாக இருந்தது.

குறி யார் மேலும் இல்லை. கைக்கு அகப்பட்ட பாக்கெட் அது. ஒரு சின்னச் சூடு பட்டால் போதும், பாடமாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறீர்கள். சரி, பேரம் வேண்டாம். பாக்கெட் பெரிய அளவு. அந்த வண்டியில் பெரிய அளவு போடுகிற கை ஒரே ஒருவருக்குத்தான். குத்தினதும் ஒரு கையுறையில் அல்ல, இரண்டிலும். ஒன்றில் மட்டும் ஓட்டை இருந்தால் ஆள் உதறிக்கொண்டு தப்பிவிடலாம். கரண்டுக்கு உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி வேண்டும். அந்தப் பூட்ஸை வைத்து இதைத்தானே நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

வேலைக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை ஜன்னலுக்கு வந்தார். பலகை அப்போது இன்னும் அடிக்கவில்லை. கையில் அந்தப் பாக்கெட். அன்று கூட்டத்தில் பேசியது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும், முகத்தில் அசடு வழிந்தது.

“மச்சான், மனசுல வெச்சுக்காதீங்க. அலமாரியிலதான் எடுத்தேன். ஆனா நீங்க கன்னத்துல வெச்சுப் பாக்காம மாட்டிக்கிட்டா ஏதோ குளிக்காம கிளம்பின மாதிரி இருக்கு. ஒரு தடவை பாத்துக் குடுங்க.”

பாக்கெட்டோடு கை ஜன்னலுக்குள் வந்தது. முறம் போன்ற கை. நான் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பிரித்திருப்பேன், பிரித்திருந்தால் கன்னத்தில் வைத்திருப்பேன், வைத்திருந்தால் கசிகிறது என்று சொல்லியிருப்பேன். என் கன்னம் பொய் சொல்லாது, ஐயா. அதனால்தான் வாங்கவில்லை.

“சீல் பிரிக்காத சரக்கு மாப்பிள்ளை, அதுல நான் என்ன பாக்கறது. தைரியமா போங்க” என்றேன்.

“இனிமே என்கூட ஒரு பேரமும் பேச மாட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே போனார். வீட்டுக்குச் சாப்பிட வரும்படி தங்கை சொல்லியனுப்பியதையும் போகிற போக்கில் சொன்னார்.

விபத்து நடந்தால் சாமான்களைத் திரும்ப எடுத்துவர ஸ்டோரிலிருந்து ஆள் போக வேண்டும். அதுவும் விதி. போனேன். கம்பத்து உயரத்துக்கு ஆளைத் தூக்கும் வண்டித் தொட்டியைக் கீழே இறக்கியிருந்தார்கள். மாப்பிள்ளை அதற்குள் மடங்கி உட்கார்ந்திருந்தார், இரண்டு முஷ்டியும் மூடியபடி. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் கம்பத்தின் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் ஊன்றியிருக்கிறார். கரண்ட் ஒரு கைவழியே வந்து மறு கைவழியே போயிருக்கிறது. நடுவில் நெஞ்சு. சட்டைக் காலரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. முன்கை நீளவாக்கில் வெடித்து எலும்பு வெந்த வெள்ளையில் தெரிந்தது. பல் இறுகியதில் நாக்கின் நுனி துண்டாகி மடியில் விழுந்திருந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, அது என்னது, அது என்னது என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அந்தப் பக்கம் போகச் சொன்னேன்.

கையுறையைக் கழற்ற யாராலும் முடியவில்லை. ரப்பர் உருகி உள்ளங்கையோடு ஒன்றாகிவிட்டிருந்தது. எந்த இடத்தில் வெட்டினால் வரும் என்று எனக்குத்தான் தெரியும். கத்தரிக்கோலால் மணிக்கட்டிலிருந்து வெட்டி உரித்தேன். தோலும் சேர்ந்தே வந்தது, நகங்களோடு. உறையில் போட்டு முடிந்துகொண்டேன். என் கை நடுங்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அதைத் துக்கத்தின் உச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். சொந்த மச்சானே உரிக்க வேண்டியதாயிற்றே என்று ஒருவர் அழுதார்.

அதற்குப் பிறகு நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. மேடத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அலமாரிகளைக் கழற்றினார்கள். தச்சர் வெட்டிக் கொண்டுவந்த பலகையைத் திருப்பி எடுத்துப் போனார். ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது, முன்னைவிட நீளமாக. இன்னொரு தடவை பாருங்க, இன்னொரு தடவை பாருங்க என்று கெஞ்சினார்கள். நான் பார்த்தேன். கன்னம் சிவந்துபோகிற அளவுக்குப் பார்த்தேன். அந்த நாட்களில் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஒருவரைக் கொடுத்து மற்றவர்களை மீட்டது மாதிரி. வியாபாரமாகப் பார்த்தால் கட்டுப்படியாகிற கணக்கு.

இப்போது நீங்கள் கேட்கத் தயங்குகிற கேள்விக்கு வருகிறேன். யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் பிடிக்கவில்லை, பின் நானாக ஏன் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்?

விசாரணைக் கமிட்டி முடிவு சொன்னது. கையுறை வரும்போதே கெட்ட சரக்காக வந்திருக்கிறது, ஸ்டோர்காரர் கவனிக்காமல் வண்டியில் வைத்துவிட்டார், வயதும் ஆகிறது, மன்னித்து எச்சரித்து விடலாம் என்று. மன்னித்து. அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பிறகு தங்கை வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“உன்னைக் குத்தம் சொல்லலைண்ணே. உனக்கும் கண்ணு மங்கிப்போச்சு, என்ன பண்ணுவே. ஓட்டை இருந்தது உனக்குத் தெரியாமப் போச்சு.”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பாவம், வயசாயிடுச்சு என்றார் ஒரு பெரியவர், என் காதுபடவே.

அங்கிருந்து நேராக இங்கே வருகிறேன்.

நான் எதையும் மறைக்கவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் குத்தினேன், தெரிந்தே குத்தினேன், அவருக்காகவே குத்தினேன். தூக்கில் போட்டாலும் சரி. ஆனால் தங்கைக்கு நீங்கள்தான் தகவல் சொல்லப்போகிறீர்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். பாக்கெட்டைப் பிரித்தவுடன், ஊசியால் குத்துவதற்கு முன், இரண்டையும் நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு கசிவும் இல்லை. அந்தக் கையுறை முதல்தரமான சரக்கு. அதை அவளிடம் முதலில் சொல்லுங்கள். கொலையை அப்புறம் சொல்லலாம்.