எனக்கு ஓட்டுக் கேட்டு என்னைத் தோற்கடித்தவர்

மாண்பார்ந்த தலைவர் சக்கரபாணி அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, அண்ணாமலையின் அடிவாரத்தில், தேரடி வீதி திணற அலையென அமர்ந்திருக்கும் அன்னையரே, டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்ட தோழர்களே, எனக்கு ஓட்டுப் போட்ட சிலரே, போடாத பலரே! தோற்றுப்போன சகாதேவனின் துவளாத வணக்கம்.

புதிய நகரமன்ற உறுப்பினர், சைக்கிள் கடை ஜானி பாஷாவைப் பாராட்ட என்னை விட்டால் ஆள் ஏது? எழுபத்தொன்று முதல் என்னோடு இருப்பவர். போஸ்டருக்குப் பசை காய்ச்சியவர் யார்? பாஷா. பந்தலுக்குக் கால் நட்டவர் யார்? பாஷா. போலீஸ் துரத்தியபோது என் செருப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடியவர் யார்? அவரும் பாஷாதான். இத்தனை ஆண்டும் பேசியவன் நான், பாடுபட்டவர் அவர்.

இந்த எண்பத்தாறு தேர்தலில் என் மனு தள்ளுபடியானால் என்ன செய்வது என்று, அவரையும் சுயேச்சையாக ஒரு மனுப் போடச் சொன்னேன். என் மனு தேறிவிட்டது. வாபஸ் வாங்கக் கடைசி நாள், மூன்று மணிக்குள் அவர் போக வேண்டும். அன்று காலை நான் இட்ட கட்டளை என்ன தெரியுமா? "பாஷா, ஊர்வல சைக்கிள் எல்லாத்துக்கும் காத்தடிச்சு முடிக்கற வரைக்கும் கடைய விட்டு நகராதே." நகரவில்லை, ஐயா. நாலு மணிக்கு வியர்வை வழிய வந்து, "எல்லாத்துக்கும் அடிச்சுட்டேன் அண்ணே" என்றார்.

சிரிக்காதீர்கள், கதை இனிமேல்தான். ஏணிச் சின்னத்தில் நின்றுகொண்டே வீடு வீடாகப் போய், "அண்ணனுக்குப் போடுங்க, தப்பித்தவறி எனக்குப் போட்டுடாதீங்க" என்று கெஞ்சினார். நீங்கள் கட்சியைப் பார்த்தீர்களா? கொடியைப் பார்த்தீர்களா? பிரசவ வலி கண்டவளுக்கு ஜட்கா பிடித்து வந்த முகத்தைப் பார்த்தீர்கள், ஏணியில் குத்திவிட்டீர்கள். என் மனைவி ஆதிலட்சுமியிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதோ, முதல் வரிசையில் சிரிக்கிறாள் பாருங்கள்.

இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மேடையிலேயே பாஷாவை ராஜினாமா செய்ய வைத்து, இடைத்தேர்தலில் என்னை நிறுத்துவது என்பது கட்சிப் பெரியவர்களின் ஏற்பாடு. பாஷாவும் சம்மதித்துவிட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, இப்பவே உட்டுடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வந்தேன். வேட்டிகூடப் புதுசு.

ஆனால் நேற்று மதியம், வடமாட வீதியில் பூ விற்கும் தங்கம்மாள் என் வாசலுக்கு வந்தாள். "பாஷா இங்க வந்தாருங்களா? எங்க தெருவுல குழாத்தண்ணியே வரல" என்றாள். "என்னாண்ட சொல்லிட்டல்ல, நான் பாத்துக்கறேன்" என்றேன். கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்:

"உங்களாண்ட சொன்னா நீங்க அவரைத்தானே அனுப்பப் போறீங்க? நேரா அவராண்டயே சொல்லிக்கறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது, தாய்மார்களே.

தலைவர் மணி அடிக்கிறார். அடிக்கட்டும். அந்த இடம் யாருக்கு? மேடையில் முழங்கியவனுக்கா, மேடையைக் கட்டியவருக்கா? வாய் வீசியவனுக்கா, வாசல்தோறும் போனவருக்கா? பெரியவர்கள் நாளைக்கே என்னைக் கட்சியை விட்டுத் தூக்கினாலும் தூக்கட்டும். தம்பி பாஷா, நீ ராஜினாமா செய்யக் கூடாது.

கையெடுத்துக் கும்பிடாதே, உட்கார். கூட்டம் கலைந்ததும் வழக்கம்போல் நாற்காலி அடுக்க ஓடாதே. இன்றைக்கு அவற்றை நான் அடுக்குகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட பெருமக்களே, உங்களுக்கு என் நன்றி. எனக்கு நாற்காலி அடுக்கிப் பழக்கமில்லை. போகும்போது ஆளுக்கொன்று மடக்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.