ஓடி முடித்தால் ஒரு டயாலிசிஸ்

பாலகுமார்: மெதுவா... மெதுவா. அந்தக் கால் இல்ல, இந்தக் கால். கொஞ்சம் தள்ளி உக்காரு கிருத்தி.

கிருத்திகா: இப்பத்தான் அந்தக் காலைப் பிடிச்சுட்டு நொண்டினே.

பாலகுமார்: ரெண்டுமே போச்சு. வைட்ஃபீல்ட்ல நம்ம ஆபீஸ் வாசல்லேர்ந்து எம்.ஜி. ரோடு மைதானம் வரைக்கும் ஓடியிருக்கேன். இருபத்தோரு கிலோமீட்டர். எந்தக் கால் வலிக்குதுன்னு காலுக்கே தெரியல.

கிருத்திகா: சரி சரி. உப்புமா வேணுமா? காராபாத்னு கேளு, அப்பத்தான் அந்த கவுன்டர்ல குடுப்பாங்க.

பாலகுமார்: வாயில வைக்க முடியல. நீ எப்ப வந்து சேர்ந்தே?

கிருத்திகா: உனக்குக் கொஞ்சம் முன்னாடி.

பாலகுமார்: வழியில உன்னைப் பாக்கவே இல்லையே.

கிருத்திகா: பின்னாடி வர்றவன் எப்படிப் பாப்பான்?

பாலகுமார்: ம்... மெடலை வெளியில எடுத்துப் போட்டுக்கோ. ஸ்டேஜ்லேர்ந்து ஹரிஷ்குமார் சார் பாக்கறார்.

கிருத்திகா: சார் பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்தியா?

பாலகுமார்: நம்ம கேன்டீன் மதலைமுத்துண்ணாவா? அவர் எதுக்கு ஸ்டேஜ்ல?

கிருத்திகா: அவருக்குத்தானே கிட்னி போயிருக்கு. நம்மள்ல ஒருத்தர் ஓடி முடிச்சா ஒரு டயாலிசிஸ் கம்பெனி செலவு. அதுக்குத்தானே இந்த ஓட்டமே.

பாலகுமார்: கிட்னியா? நான் ஹார்ட்டுன்னு இல்ல நெனச்சேன். டீ-ஷர்ட்ல ஹார்ட் போட்டிருக்கே.

கிருத்திகா: அது கிட்னி. சிவப்பா இருந்தா ஹார்ட் ஆயிடுமா?

பாலகுமார்: கையில என்ன வெச்சிருக்கார்?

கிருத்திகா: இளநீரும் வாழைப்பழமும். ரெண்டையும் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். திருப்பிக் குடுத்தார். 'சாப்பிட வேண்டாம், ஃபோட்டோ முடியிற வரைக்கும் சும்மா பிடிச்சுக்கங்க'ன்னு பார்கவி மேடம் சொல்லிட்டாங்க.

பாலகுமார்: பாவம்... லீட் யாருன்னு எப்ப சொல்வாங்களாம்?

கிருத்திகா: இப்ப சொல்வாங்க. பதட்டமா இருக்கா?

பாலகுமார்: உனக்கு இல்லையா? டீம் லீட் சீட் ஒண்ணு, ஆள் ரெண்டு. நீ இல்லன்னா நான். மிச்சமிருக்கறவங்க ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச். போன வருஷம் க்ளென்னைப் பெஞ்ச்ல உக்கார வெச்சாங்க. இப்ப அவன் வாட்ஸ்அப் குரூப்லயே இல்ல.

கிருத்திகா: தெரியும். எங்க வீட்ல அவருக்கு வேலை போயாச்சு. நானும் பெஞ்சுக்குப் போனா ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து முகத்தைப் பாத்துக்க வேண்டியதுதான்.

பாலகுமார்: உனக்காவது வீட்டோட போச்சு. எங்கப்பா என் நிச்சயதார்த்தப் பத்திரிகையில 'டீம் லீட்'னு அடிச்சே குடுத்துட்டார்.

கிருத்திகா: அய்யோ... பொண்ணு வீட்டுக்குப் போயாச்சா?

பாலகுமார்: எங்க ஏரியா சந்தாபுரா முழுக்கப் போயாச்சு. 'நடுவுல நிக்காம முடிக்கிறவங்கதான் லீட் பண்ண லாயக்கு'ன்னு சார் மீட்டிங்ல சொன்னாரே. அதான் உயிரைக் குடுத்து ஓடினேன்.

கிருத்திகா: இந்திராநகர்ல ஓடி வந்தவங்களுக்கெல்லாம் அடையாளமா கையில ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி விட்டாங்களே. எங்கே உன்னோடது?

பாலகுமார்: பேண்டா? அது... வேர்வையில வழுக்கிடுச்சு.

கிருத்திகா: என்ன கலர்?

பாலகுமார்: ...பச்சை?

கிருத்திகா: பேண்டே கிடையாது பாலா. சும்மா சொல்லிப் பாத்தேன். நீ பென்னிகானஹள்ளியில மெட்ரோ ஏறினே.

பாலகுமார்: மெதுவாப் பேசு... யாரு சொன்னா?

கிருத்திகா: கடைசிப் பெட்டி. நெஞ்சுல குத்தியிருந்த நம்பரைக் கழட்டிப் பாக்கெட்ல வெச்சுட்டே. உக்காந்துட்டு வேற வந்திருப்பே.

பாலகுமார்: நின்னுட்டுத்தான் வந்தேன். சத்தியமா.

கிருத்திகா: அந்த மட்டுக்கும் நேர்மை.

பாலகுமார்: மூச்சு முட்டிச்சு கிருத்தி. நிமிர்ந்து பாத்தா எதிர்ல ஸ்டேஷன். நானா போகல, காலே படியேறிடுச்சு... நான் முடிச்சதா கணக்கு வந்தா ஒருத்தருக்கு ஒரு டயாலிசிஸ் கெடைக்குது. மெட்ரோவுல வந்த டயாலிசிஸ்னா ரத்தம் சுத்தமாகாதா?

கிருத்திகா: அதை மதலைமுத்துண்ணாகிட்டக் கேளு.

பாலகுமார்: சார்கிட்டச் சொல்லிடுவியா?

கிருத்திகா: மாட்டேன்.

பாலகுமார்: நெஜமாவா? சொன்னா சீட் உனக்குத்தானே.

கிருத்திகா: அப்படி ஒரு சீட் எனக்கு வேண்டாம். காராபாத் சாப்பிடு, ஆறுது.

மைக்: ஹலோ, ஹலோ... எல்லரிகூ நமஸ்காரா. நான் உங்க ஹெச்.ஆர். பார்கவி. நம்மோட சேர்ந்து முழுத் தூரமும் ஓடி முடிச்ச நம்ம ஹரிஷ்குமார் சாருக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க... மதலைமுத்து, நீங்களும்தான். இளநீரைக் கீழ வெச்சுட்டுத் தட்டுங்க... தேங்க் யூ. இப்ப சார் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருக்கார். நம்ம புது டீம் லீட்... கிருத்திகா.

பாலகுமார்: ...வாழ்த்துகள்.

கிருத்திகா: தேங்க்ஸ் பாலா.

பாலகுமார்: மனசாரத்தான் சொல்றேன். நீ ஓடினே. நான் ஏமாத்தினேன். அப்பாவை ஒரு ஒயிட்னர் வாங்கி வைக்கச் சொல்றேன்.

கிருத்திகா: கண்ணைத் தொடச்சுக்கோ. ஃபோட்டோக்காரன் வர்றான்.

பாலகுமார்: கால் வலின்னு நெனச்சுப்பான், விடு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு... நீ ரோட்ல ஓடிட்டிருந்தே. நான் கடைசிப் பெட்டியில ஏறினது உனக்கு எப்படித் தெரியும்?

கிருத்திகா: வண்டி பிளாட்ஃபாரத்துல நுழையும்போதே நீ நம்பரைக் கழட்டறதைப் பாத்துட்டேன். நான் முதல் பெட்டி, லேடீஸ் பெட்டி. உனக்கு முன்னாடி, ஹூடியிலயே ஏறிட்டேன். உக்கார எடமே இல்ல பாலா. மூலையில ஒரு ஆம்பளை, தலையில துண்டைப் போட்டுட்டுத் தூங்கற மாதிரி... 'இது லேடீஸ் சீட்டு, எழுந்திரிங்க'ன்னு துண்டைப் பிடிச்சு இழுத்தேன். ஹரிஷ்குமார் சார்.