செங்கல் மேல் நின்ற ஜீப்

மந்தைவெளியில் ரயிலேறிய இரண்டு மாமிகள் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னலோர மாமி சத்தமாகவே ஆரம்பித்தார்.

"எங்காத்துக்காரர் ஆறு வருஷமா கார் ஷெட்ல ஒரு பழைய ஜீப்பைக் கழட்டி மாட்டிண்டிருக்கார். நாலு சக்கரத்துக்கும் பவர் போகுமாம். மந்தைவெளில எந்த மலையை ஏறப் போறார்?"

"ஓடறதா?"

"எங்கே ஓடறது? போன மழைல தெருவெல்லாம் முழங்காலுக்கு மேல தண்ணி. எதிராத்துப் பொண்ணுக்கு வலி எடுத்துடுத்து. ஆட்டோ எதுவும் வரல. அவ அம்மா ஓடி வந்து, 'மாமா, உங்க ஜீப்தான் தண்ணில போகுமே'ன்னு அழறா. அதுவோ சக்கரமே இல்லாம செங்கல் மேல நின்னுண்டிருக்கு."

"ஐயையோ! அப்புறம்?"

"மூணு சக்கர சைக்கிள்ல சாமான் ஏத்தற மீன்பாடி வண்டிக்காரன் ஒருத்தன் வந்தான். 'நான் இட்டுக்கினு போறேம்மா'ன்னு அவளை உக்கார வெச்சு, தண்ணில இறங்கித் தள்ளிண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போனான். பொண் குழந்தை. ரெண்டு பேரும் சௌக்கியம்."

"மாமா என்ன பண்ணினார்?"

மாமி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"ஸ்பேனரோட வாசல்ல நின்னார். வண்டி தெரு திரும்பினதும் என்னைப் பார்த்து, 'அவன் ஹேண்டில்பார் லூசா இருக்கு, கவனிச்சியா?'ன்னார்."