மூன்று கல்லுக்குக் கிழக்கே

மழை நின்ற மறுநாள் காலையில் போனால்தான் அம்பு முனை கிடைக்கும். வெயில் ஏறி மண் உலர்ந்துவிட்டால் செம்மண்ணும் துருவும் ஒரே நிறமாகிவிடும். நானும் ஹசன் அலியும் எட்டு வருஷமாக அப்படித்தான் போய்வந்தோம். நான் ஓய்வுபெற்ற நில அளவையர். அவர் களக்காட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

மலையடிவாரத்து உடைமரக் காட்டுக்குள் ஒன்பது குழிகள். வாய் குறுகல், அடி அகலம், ஒன்றரை ஆள் ஆழம். யார் வெட்டியது, எதற்கு வெட்டியது என்று பேசிப் பேசியே எங்களுக்குப் பொழுது போனது. அம்பு முனைகள் எல்லாம் அந்தக் குழிகளைச் சுற்றித்தான் கிடைத்தன. மொத்தம் நாற்பத்தொன்று. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் அங்கே ஒரு படை தங்கியிருந்தது, குழிகள் அவர்களுடைய களஞ்சியம் என்பது என் முடிவு. ஊரில் எனக்குப் பெயர் குழி சார்வாள். டீக்கடையில் உட்கார்ந்தால், "சார்வாள், இன்னைக்கு எந்தக் குழியில விழுந்து எந்திச்சு வாரிய?" என்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

போன கார்த்திகையில் பாளையங்கோட்டையில் வரலாற்று ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் கட்டுரை வாசிக்க அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஹசன் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். ஒரு முனையைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தார். பொறி பறந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, பூப்பூவா வெடிக்கு. அந்தக் காலத்து இரும்பு இப்படி வெடிக்காது. இது லாரி ஸ்பிரிங் பட்டை."

"நல்லாப் பாரும்வே."

"நாலஞ்சு பாத்துட்டேன். யாரோ பன்னி வேட்டைக்கு அடிச்சது. குழியும் பன்னி விழுகதுக்கு வெட்டுனதுதான். அம்பது வருசம் இருக்கும். கூட்டத்துல வாசிக்காதீங்க அண்ணாச்சி. உங்களப் பாத்து நாலு பேரு சிரிச்சா எனக்குத் தாங்காது."

அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது. கோபம் இல்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் வந்து தோண்டிவிடக் கூடாது என்பதற்காக, அளந்து முடித்த குழியின் வாயைக் கம்பும் பனையோலையும் போட்டு மூடி, மேலே சருகு பரப்பிவிடுவோம். குழிக்குக் கிழக்கே ஓர் எட்டுத் தள்ளி மூன்று கல் வைப்போம். கல்லுக்குக் கிழக்கே நடந்தால் ஆபத்தில்லை. இது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். புதன்கிழமை மாலை நான் போய் ஏழாவது குழியின் கற்களைக் குழிக்கு மேற்கே மாற்றி வைத்தேன். முப்பத்துநான்கு வருஷ உத்தியோகத்தில் நான் ஒரு கல்லைக்கூட இடம் மாற்றி நட்டதில்லை.

வியாழக்கிழமை காலை என்னோடு வந்தபோது அவர் அதில் விழுந்தார். கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணாச்சி, கல்லு மாறிக் கெடக்கு" என்றார்.

"தெரியும்வே. அது பழைய இரும்புன்னு ஒத்துக்கிடும், கயிறு போடுதேன்" என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அங்கே டவர் கிடையாது. காட்டுக்குப் போவது வீட்டுக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார்கள் என்று, வள்ளியூருக்குச் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மனைவி சித்தி ஜனாபா என் வீட்டுக்கு வந்தார். "ஜும்மாவுக்குக்கூட வரல அண்ணாச்சி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்று அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது. உங்கள் ஸ்டேஷனுக்கு அவரைக் கூட்டிவந்து மனு எழுதிக் கொடுத்தது நான்தான். வள்ளியூரில் தேடச் சொல்லி எழுதினேன். பிறகு காட்டுக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அன்றைக்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் மகள் தஸ்மியாவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார். நான் இரும்பைப் பற்றி மட்டும் பேசும்படி சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் அவர் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "பழசுதான் அண்ணாச்சி. ரொம்பப் பழசு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் நோட்டையும் பேனாவையும் மஞ்சள் பையில் போட்டு இறக்கினேன். நான் எழுதி வைத்திருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தந்தார். கேட்கிறீர்களே, அந்தக் கயிறு ஓர் ஆளைத் தாங்கும் கயிறுதான். மெல்ல இழுத்திருந்தால் ஏறியிருப்பார். ஆனால் மேலே வந்தால் மறுபடியும் மனம் மாறிவிடுவாரோ என்று தோன்றியது. பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஹசன் அலிக்கு நன்றி சொன்னபோது கைதட்டினார்கள். திங்கள்கிழமை போய்க் கூப்பிட்டேன். பதில் இல்லை. மண்வெட்டி கொண்டுபோயிருந்தேன், மத்தியானத்துக்குள் குழியை நிரப்பிவிட்டேன். அந்தப் புதுமண்ணைத்தான் ஆடு மேய்க்கும் பிச்சைக்கண்ணு பார்த்து உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நோட்டை மட்டும் ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்த அம்பு முனைகளுக்கு வேறு சாட்சி இல்லை. இரும்பு தெரிந்த ஒருவர் மூன்று நாள் நன்றாக யோசித்து, முழு மனதோடு போட்ட கையெழுத்து அது.