ஈத்தாஸ் வேற, எத்திக் வேற

"ஹலோ… ஹலோ! ஆமாம்மா, பெங்களூர்தான், லாம்ப் ஃபாக்டரிதான்… மெட்ராஸ் ட்ரங்க் காலா? குடு, குடு… நமஸ்காரம் சார். ஒர்க்ஸ் மானேஜர் ஸ்ரீகண்டன் பேசறேன்…"

தலைமை அலுவலகத்து ஜெனரல் மானேஜர் என்று தெரிந்ததும் ஸ்ரீகண்டன் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். எதிரே, விளக்குகளைச் சோதிக்கும் வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தப்பட்ட மர்பி டவுன் டொமினிக், தன் வசம் இருந்த 'சோதிக்கப்பட்டது' முத்திரையை ஒப்படைக்க வந்து நின்றான்.

"லெட்டர் கிடைச்சுதா சார்?… ஆமாம், டொமினிக் சஸ்பென்ஷன்தான்… ரயில்வேக்குப் போற கைவிளக்கு சார், ஐந்நூறு. முத்திரை குத்துன்னா குத்த மாட்டேங்கறான்… ஒவ்வொண்ணுலயும் சீமெண்ணெய் ஊத்திப் பாத்தாத்தான் குத்துவானாம்… ஆமாம், ஆமாம், ரூல் அப்படித்தான் சார். ஆனா பத்து வருஷமா இங்க யாரும் பாக்கறதில்லையே…

"எந்த வார்த்தை சார்?… ஆமாம், 'கம்பெனியின் ஈத்தாஸுக்கு விரோதமாக'ன்னு நான்தான் எழுதினேன். போன மாசம் நீங்க வந்து லெக்சர் பண்ணினேளே, அதே வார்த்தை… நீங்க சொன்னது எத்திக்கா?… ரெண்டும் ஒண்ணுதானே சார்?… இல்லையா?… ஒரே ஒரு நிமிஷம் சார்."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு டைப்பிஸ்ட் மௌரீனைப் பார்த்தார். கான்வென்டில் படித்தவள், அந்தக் கடிதத்தை அடித்தவளும் அவள்தான்.

"இந்த வார்த்தை சரியான்னு அன்னிக்கே கேட்டேன் சார், 'டைப் அடி'ன்னுட்டீங்க," என்றாள் மௌரீன். "ஒரு இடத்துல எல்லாரும் வழக்கமா எப்படி நடந்துக்கறாங்களோ, அது ஈத்தாஸ். எப்படி நடந்துக்கணுமோ, அது எத்திக்."

ஸ்ரீகண்டனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஹலோ சார்! ஈத்தாஸ்ங்கறது நம்ம வழக்கம், எத்திக்ங்கறது நியாயம்… ஆமாம், ஆமாம்… பாக்காம குத்தறதா? அது ஈத்தாஸ் சார். பாத்துட்டுக் குத்தறது எத்திக்… டொமினிக்குக்கா? எத்திக் நிறைய இருக்கு சார், ஈத்தாஸ்தான் போறாது… எங்களுக்கா? எங்களுக்கு ஈத்தாஸ் நிறைய இருக்கு…"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

"எத்தனை ஒழுகறதா? டேய், எத்தனைடா?"

"நூறு பாத்தேன் சார். முப்பத்தொண்ணு ஒழுகுது," என்றான் டொமினிக். "அத்தப் பத்தவெச்சுக் கையில புடிக்கிறவன் வெந்துபோவான் சார்."

"நூத்துக்கு முப்பத்தொண்ணு சார்… சரி… சரி சார், சஸ்பென்ஷனை ரத்து பண்ணிடறேன்… ரொம்ப சந்தோஷம் சார்!"

டொமினிக் முகம் மலர்ந்தது.

"ஓ… லெட்டர் ரயில்வேக்காரா கண்ணுல பட்டா வம்புங்கறேளா… கிழிச்சுடறேன். ஃபைல் காப்பியையும்… அப்போ விளக்கு சார்?… இன்னிக்கு நாலு மணி வேகன்லயா?… அப்படியேவா?… சார், முப்பத்தொண்ணு… முத்திரை யார் குத்தறது?… நானா சார்?… சார், நான் என்ன சொல்றேன்னா…"

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டதாக ஆபரேட்டர் குறுக்கிட்டாள். டக்கென்று லைன் அறுந்தது. ரிசீவரில் வெறும் இரைச்சல்.

வாசலில் ஃபோர்மன் சின்னப்பா, முத்திரைக்காக வந்தவர், கையை நீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஐந்நூறு விளக்கிலும் தன் கையால் குத்துவதை ஸ்ரீகண்டன் நினைத்துப் பார்த்தார். ரிசீவரை அவர் கீழே வைக்கவில்லை.

"ஹலோ… ஆமாம் சார், நன்னா கேக்கறது… ஐந்நூறையுமா? ஒவ்வொண்ணாவா சார்?… வேகன் போனாப் போகட்டுமா?… சரி, சரி… ஒழுகறது ஒண்ணுகூடப் போகப்படாது… டொமினிக்தான் குத்தணும். அப்படியே சார். நமஸ்காரம்."

ரிசீவரை வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்கல்ல சின்னப்பா? ஜி.எம். ஆர்டர்."

பத்து வருஷமாக எந்த ரூலுக்கும் அசையாத சின்னப்பா, "ஆர்டரா? ஆய்த்து சார்!" என்று பெட்டிகளை இறக்கவைக்க ஓடினார். டொமினிக்கும் முத்திரையோடு பின்னால் போனான்.

மௌரீன் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அவரே கேட்டா சார்?"

ஸ்ரீகண்டன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேப்பரை மாட்டும்மா. ஜி.எம்.முக்கு ஒரு லெட்டர், ரயில்வேக்கு ஒரு காப்பி. 'இன்று தாங்கள் டெலிபோனில் இட்ட மேலான உத்தரவின்படி…'"