நாலாம் பகுதிக்கு ஒரு யோசனை

தொலைக்காட்சிக்காரர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள். எங்கள் ஆப்பிள் தோட்டத்தில் படப்பிடிப்பு நடந்த நாட்களில் காலையில் ஒரு தட்டு, மாலையில் ஒரு தட்டு என்று ஸ்கோன் ரொட்டி சுட்டு, ஜாமும் பாலேடும் வைத்தேன். மீந்ததே இல்லை. அவர்கள்மேல் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், சார்ஜென்ட்.

அவர்கள் எடுத்தது என் தங்கை நோரீனின் நாவலை. நாலு பகுதித் தொடர். பெயர்களை மாற்றியிருந்தாளே தவிர, எல்லாம் எங்கள் குடும்பத்துக் கதைதான். அப்பா லான்செஸ்டனில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தது, அது தெரிந்தும் அம்மா அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியது, நோரீனின் கணவர் கிளைவ் பப்பில் வேலை பார்த்த பெண்ணோடு குவீன்ஸ்லாந்துக்கு ஓடிப்போனது. புத்தகம் வந்ததும் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் நிறுத்தவில்லை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. நாவலில் நான் இல்லை.

கேட்டதற்கு, "உன்னப் பத்தி எழுத என்னக்கா இருக்கு? நீ பாட்டுக்கு நல்லவளா இருந்துட்ட," என்றாள்.

திரைக்கதை எழுதிய பிரான்வின் என் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்து எழுதுவாள். நல்ல பெண், நகம் கடிப்பாள். கடைசிப் பகுதி அவளுக்குப் பிடிபடவில்லை.

"புருஷன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுறான், ஹில்டா. அவ்வளவுதான். பாக்கறவங்க டிவிய அணைச்சுட்டுத் தூங்கப் போயிடுவாங்க."

"அவரு போகவே இல்லன்னு வச்சுக்கோயேன்," என்றேன். "பொண்டாட்டியோட அக்கா அவரைக் கெணத்துல தள்ளிட்டான்னு வச்சுக்கோ."

அவள் கையிலிருந்த ஸ்கோனைக் கீழே வைத்தாள். என் ஸ்கோனை யாரும் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாள். கொட்டும் மழையில், கோடரியோடு, அழுதுகொண்டே அக்கா வருகிறாள். தங்கை புருஷன்மேல் அவளுக்கு ரகசியக் காதலாம். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கிளைவ்மேல் யாருக்கும் காதல் வர வாய்ப்பில்லை. நோரீனுக்கு எப்படி வந்தது என்பதே எங்கள் வீட்டில் ஒரு புதிர். ஆகவே திருத்தினேன். மழை வேண்டாம், நல்ல வெயில். கோடரி எதற்கு? தொப்பி கிணற்றில் விழுந்துவிட்டது, மனிதர் எட்டிப் பார்க்கிறார். அப்படிக் குனிந்திருப்பவரைத் தள்ளப் பெரிய பலம் தேவையில்லை. பிறகு தகர மூடியை இழுத்துப் போட்டுவிட்டு அவள் சட்டென்று உள்ளே போக வேண்டும். அடுப்பில் கேக் இருக்கிறது.

"உங்க கற்பனைய நெனச்சா பயமா இருக்கு," என்று பிரான்வின் சிரித்தாள்.

படமெடுக்க அட்டையில் ஒரு கிணறு செய்தார்கள். வாளி, ராட்டினம், சுற்றிலும் ரோஜா. பார்க்கச் சகிக்கவில்லை. ருபார்ப் செடிகளுக்குப் பின்னால் நிஜமான பாழுங்கிணறு இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்று நான்தான் இடத்தைக் காட்டினேன். மூடியைத் தூக்கி விளக்கை இறக்கினார்கள். முதலில் பூட்ஸ் தெரிந்தது.

பிரான்வின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க சொன்னது கதைன்னுல்ல நெனச்சேன்?"

"நீ கேக்கவே இல்லையேம்மா," என்றேன்.

காரணம் கேட்டீர்கள். கிளைவ் குடிக்க மாட்டார், யார்மேலும் கை நீட்ட மாட்டார். ஆனால் எந்தக் கதையானாலும் முடிவைச் சொல்லிவிடுவார். அவர் காணாமல் போன குளிர்காலத்தில் டிவியில் ஞாயிறுதோறும் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. அநாதைப் பெண்ணின் தகப்பன் யார் என்று தெரிந்துகொள்ள நான் வாரக்கணக்கில் காத்திருந்தேன். கடைசிப் பகுதி வரும் நாளன்று அவர் கிணற்றடிக்கு வந்து, "புஸ்தகத்துல பாத்துட்டேன் ஹில்டா, அந்த டாக்டர்தான் அப்பன்," என்றார். அப்போதுதான் காற்றில் அவர் தொப்பி விழுந்தது.

தள்ளியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு வெறுப்பெல்லாம் கிடையாது. அன்றைக்குத் தொடரையும் பார்த்தேன். டாக்டர்தான்.

அதே வாரம் பப்பில் இருந்த பெண் ஊரைவிட்டுப் போனாள். ஊர்தான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

நேற்று நோரீன் இங்கே வந்தாளே, பார்த்தீர்கள் அல்லவா?

"அப்போ அவரு அவளோட போகலையா?" என்றாள்.

"இல்ல. நம்ம தோட்டத்துலதான் இருந்தாரு."

"அந்த மூடி மேல உக்காந்துதானே இத்தன வருஷமும் அழுதேன்."

"தெரியுமே. நான்தான டீ கொண்டாந்து குடுத்தேன்."

"இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றாள். சத்தம் போடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் அவள் இப்படித்தான்; தானாக வந்துவிடுவாள். புருஷனும் இல்லாமல் போய்விட்டார். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?