தொட்டியில் இறங்கியவர் பார்த்த எண்

அடுத்தவர் எழுதிய நிரலைப் படிப்பதைவிட, அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் உப்பைத் தேடி எடுப்பது சுலபம், சார். பீடோங் பக்கத்துச் செம்பனை ஆலையை விட்டு ஜெரார்ட் போனபோது, அவர் எழுதிய இணையப் பக்கங்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன. படித்துவிட்டதாக மேலாளரிடம் சொன்னேன். பாதிகூடப் படிக்கவில்லை.

கழிவுத் தொட்டிக்குள் இருக்கும் நச்சு வாயுவின் அளவைக் காட்டும் பக்கமும் அதில் ஒன்று. சுத்தம் செய்கிறவர்கள் கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அன்று சுகுமாரன் அண்ணன் தொட்டியருகிலிருந்து என்னை அழைத்தார்.

"தம்பி, சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பேஜைத் தொறந்தேன், இன்னும் அதே நம்பர்தான் நிக்குது. ரோசாக் ஆயிடுச்சா, கெட்டுப்போச்சா?"

"பேஜு மேல கடிகாரம் ஓடுதா அண்ணே?"

"ஓடுது."

"அப்ப நல்லாத்தான் இருக்கு. இறங்குங்க லா."

போனை வைத்த பிறகுதான் நிரலைத் திறந்து பார்த்தேன். கடிகாரத்தை ஓட்டுவது அவருடைய கைப்பேசி. வாயுவின் எண்ணோ, பக்கத்தைத் திறக்கும்போது சர்வர் எழுதி அனுப்புவது. அதன்பின் அது மாறாது. என் கணினியில் அதே பக்கத்தைப் புதிதாகத் திறந்தேன். எண் சிவப்பில் வந்தது, இறங்கினால் ஆபத்து என்று அர்த்தம்.

நான் கெட்டவன் இல்லை, சார். பயந்துவிட்டேன். கடவுச்சொல்லையே தப்பாக அடித்தேன். அவரைத் தடுத்தால், இதை முன்பே படிக்கவில்லையா என்று மேலாளர் கேட்பார். வேலை போய்விடும். அதனால் முதலில் நிரலைத் திருத்தினேன். எண் தானாகவே மாறும்படி செய்து சர்வரில் ஏற்றினேன். சின்ன வேலைதான். நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். அண்ணன் இடுப்பில் கயிற்றோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை அசைத்தாலே கவனித்திருப்பார்.

மேலே கயிற்றைப் பிடித்திருந்த குணாளன் அவரை இழுத்தபோது மூச்சில்லை.

அவர் இறங்குவதற்கு முன்பே திருத்திவிட்டேன். சர்வரில் நேரம் பதிவாகியிருக்கிறது, பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்துக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது, மூடித் திறந்தால்தான் சேரும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான், திறந்துவிடுவார், திறந்துவிடுவார் என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திறக்காததற்கு நான் என்ன செய்ய முடியும், சார்?